கல்வட்டம் பார்த்து வந்தவர்கள் கேட்டவை: சித்தன்னவாசல் முதல் ஆனைக்கோட்டை வரை

போன வருடம் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலிருந்து பதினான்கு பேர் திருச்சிப் பக்கம் கோயில் யாத்திரை போனோம். வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பானா? வழியில் புதுக்கோட்டைக்குக் கிட்ட இருக்கிற சித்தன்னவாசலில் வானை நிறுத்தச் சொன்னேன். குகை ஓவியத்தைக் காட்டத்தான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் மலைக்குப் போகும் வழியில், வேலிக்குள் கிடந்த கல்வட்டங்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அன்று தொடங்கிய கேள்விகள் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் கனடாவிலிருந்து வட்சப்பிலும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

சேர், உந்த வட்டமா வைச்ச கல்லுகள் என்ன? எல்லைக்கல்லோ?

இல்லை, அவை ஈமச்சின்னங்கள். இறந்தவரின் எச்சங்களை நிலத்துக்குள் வைத்து, மேலே மண்ணும் சிறு கல்லும் குவித்து, அந்தக் குவியலைச் சுற்றிப் பெரிய முரட்டுக் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். இதைத்தான் கல்வட்டம் என்கிறோம். வெறும் குவியல் என்றால் கற்குவை. நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி நிலத்துக்குள் அறைபோலக் கட்டினால் கற்பதுக்கை. அதே அறை நிலத்துக்கு மேலே நின்றால் கல்திட்டை. தனியாக நட்ட உயரமான கல் நெடுங்கல். பெரும்பாலான இடங்களில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே வரும். கல்வட்டத்துக்குள் கற்குவை, அதற்குக் கீழே பதுக்கை என்பது சாதாரணம்.

வட்டத்துக்குக் கீழ என்ன கிடக்கும்?

முதலில் குழி. அதற்குள் நாலு பலகைக்கற்களை நிறுத்துவார்கள். ஒவ்வொரு கல்லின் ஒரு நுனியும் பக்கத்துக் கல்லைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலேயிருந்து பார்த்தால் சுவஸ்திகா மாதிரித் தெரியும். அழகுக்காகச் செய்த வேலை இல்லை. வெளியே இருந்து மண் தள்ளும்போது ஒரு கல் மற்றக் கல்லில் சாய்ந்து நிற்கும், உள்ளுக்குள் விழாது. சீமெந்தும் இல்லை, சாந்தும் இல்லை, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிறது. எங்கள் ஊரில் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய மதில் ஒன்று போன மாரியில் சரிந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.

பலகைக்கல் ஒன்றில், பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள். இடுதுளை என்பார்கள். பிறகும் எலும்போ படையலோ உள்ளே இடுவதற்கு என்று ஒரு விளக்கம். உயிர் போய்வரும் வழி என்று இன்னொரு விளக்கம். உள்ளே எலும்புத் துண்டுகள், மட்பாண்டங்கள், இரும்பு வாள், ஈட்டி முனை, மணிகள் இருக்கும். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் ஒரே கல்லறையில் 2000-க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் என்றால் சிவப்புக் கல். கோமேதகத்தோடு குழப்ப வேண்டாம். எல்லாவற்றையும் வைத்த பிறகு மூடுகல், அதன்மேல் குவை, கடைசியில் வட்டம். அந்த வட்டத்துக்கு இரண்டு வேலை: குவை சரியாமல் பிடிப்பது ஒன்று, "இது இன்னாருடைய இடம்" என்று காட்டுவது மற்றது.

ஆளை அப்பிடியே முழுசா அதுக்குள்ள வைச்சவையோ? இடம் காணாதே!

பெரும்பாலும் முழுதாக இல்லை. உடலை வேறோர் இடத்தில் இட்டுவைத்து, தசை அழிந்த பிறகு எலும்புகளில் சிலவற்றைப் பொறுக்கி வந்து வைப்பது அக்கால வழக்கங்களில் ஒன்று. அதனால்தான் ஒரே பதுக்கையில் இரண்டு மூன்று பேருடைய எலும்புகளும் கிடைப்பதுண்டு. முழு உடலைக் கிடத்திய இடங்களும் இருக்கின்றன, எரித்த சாம்பலை வைத்த இடங்களும் இருக்கின்றன.

இதற்கு இலக்கியச் சாட்சியும் இருக்கிறது. சுடுவது, வெறுமனே இட்டு வருவது, குழி தோண்டிப் புதைப்பது, நிலத்தின் கீழ் அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே மூச்சில் சொல்கிறது. புறநானூற்று 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம் கேட்கிறாள்: வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு பாலை பல கடந்து வந்தவள் நான், தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைந்து தா. தாழி ஒருவருக்குரிய அளவிலேயே செய்யப்பட்டது என்ற தொல்லியல் செய்தி அந்த வேண்டுதலுக்குள் கிடக்கிறது. வகுப்பில் இதைப் படிப்பிக்கும்போது நான் அந்தப் பல்லியைத் தாண்டிப் போனதே இல்லை.

பெருங்கற்காலம் எண்டா கற்காலம்தானே?

பரீட்சை வினாத்தாளில்கூடப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இது. கற்காலம் என்பது கல்லால் கருவி செய்த காலம். பெருங்கற்காலத்து மனிதர் இரும்பு உருக்கினார்கள், நெல் விளைவித்தார்கள், சக்கரத்தில் பானை வனைந்தார்கள். பெரிய கற்களைக் கல்லறைக்குப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. ஆகவே இப்போது பலர் ஆதி இரும்புக்காலம் என்றே சொல்கிறார்கள். எழுத்துச் சான்று வருவதற்கு முன் தொடங்கி, எழுத்து வந்த பிறகும் கொஞ்சக் காலம் தொடர்ந்த பண்பாடு. "வரலாற்றுக்கு முற்பட்டது" என்றும் "வரலாற்றின் வாசல்" என்றும் இரண்டு விதமாக எழுதப்படுவது அதனால்தான்.

கல்லைப் பார்த்து எப்பிடி வயசு சொல்லுறாங்கள்?

கல்லின் வயது நமக்கு உதவாது. அது கோடிக்கணக்கான வருடம் பழசு. எப்போது நட்டார்கள் என்பதுதான் கேள்வி. உள்ளே கிடைக்கிற கரியையோ எலும்பையோ நெல்மணியையோ கரிமம் 14 முறையில் பார்க்கிறார்கள். உயிர் போனதும் அந்தக் கரிமம் குறையத் தொடங்கி, ஏறத்தாழ 5730 வருடத்தில் பாதியாகும். மணலும் பானை ஓடும் கடைசியாக எப்போது வெளிச்சமோ சூடோ கண்டன என்று அளக்கிற முறையும் உண்டு.

தமிழ்நாட்டுக் கல்வட்டங்களுக்குக் கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம் என்று நான் படித்தேன், படிப்பித்தேன். இப்போது அது ஆட்டம் காண்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குக் கி.மு. 3345 வரை போனார்கள். அதற்காக ஒவ்வொரு கல்வட்டமும் ஐயாயிரம் வருடம் பழசு என்று வட்சப்பில் அனுப்பாதீர்கள். ஓர் இடத்துக் காலம் அந்த இடத்துக்குத்தான்.

அங்க நிண்ட ஐயா ஒருத்தர் பாண்டவர் வனவாசத்தில இருந்த வீடு எண்டார். உண்மையோ?

தமிழ்நாட்டில் பாண்டவர் குழி, குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று ஊருக்கொரு பெயர் உண்டு. சின்ன அறையாக இருக்கிறதே, சின்ன மனிதர் இருந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மை இல்லை. ஆனால் அந்தக் கதையைப் பயந்து எத்தனையோ ஊரில் கல்லைப் பெயர்க்காமல் விட்டார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில இருக்கிற ஸ்டோன்ஹெஞ்சும் இதுவும் ஒரே ஆக்கள் செய்ததோ? (லண்டனிலிருந்து மருமகன்)

இல்லை. அதன் பெரிய கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. செய்தவர்களுக்கு அப்போது இரும்பு தெரியாது. கல்லும் சாவும் எங்கும் உள்ளவை. வட்டம் போடவும் எவரும் எவரிடமும் படிக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில ஏன் இப்பிடி ஒண்டும் இல்லை? அப்ப இங்க ஆக்கள் இருக்கேல்லையோ?

அதிகம் வந்த கேள்வி இதுதான். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காக.

முதலில் உங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். மேலே செம்மண், கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக்கல்தான். சித்தன்னவாசலில் பார்த்த கருங்கல் இங்கே இயற்கையாக இல்லை. அம்மி, ஆட்டுக்கல், கோயில் தூண் எல்லாம் வெளியே இருந்து வந்தவை. சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சுவருக்குச் சரி, ஆளுயரப் பலகையாகப் பிளந்து நிறுத்த ஏலாது. இங்கே வாழ்ந்தவர்கள் அதே சடங்கை, அதே பானைகளோடு, அதே குறியீடுகளோடு, கல் இல்லாமல் மண்ணுக்குள் செய்தார்கள். கல் இல்லாத பெருங்கற்காலம் என்று சொன்னால் பகிடிபோல இருக்கும், ஆனால் சரியான பேச்சு அதுதான்.

கல் இல்லாமல் செய்தது நாங்கள் மட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் கல்வட்டம் தேடிப் போனால் ஏமாந்து வருவீர்கள். அங்கே உள்ளவை மண்ணுக்குள் புதைத்த தாழிகள். ஜாகர் என்ற ஜெர்மன்காரர் 1876-இல் அங்கே தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. இந்தப் பக்கம் புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பிலும் அதே மாதிரித் தாழிகள். மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் ஒரே வழக்கம். ஆகவே தொல்லியலாளர் முதலில் தேடுவது பெரிய கல்லை இல்லை. கறுப்பு-சிவப்பு மட்பாண்டம், இரும்பு, பானையில் கீறிய குறியீடு, இந்த மூன்றும் சேர்ந்து வருகிறதா என்பதை.

ஆனைக்கோட்டையில அப்ப என்னதான் எடுத்தவை?

1980-இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார், யாழ் நகருக்குக் கிட்ட இருக்கிற ஆனைக்கோட்டையில் அகழ்ந்தார்கள். பொ. இரகுபதி அந்தக் குழுவில் இருந்தவர். இரண்டு மனித எலும்புக்கூடுகள், சுற்றிவரக் கறுப்பு-சிவப்புப் பானைகள் முதலிய ஈமப் பொருட்கள். கல்வட்டம் இல்லை, பதுக்கை இல்லை. முந்தின பதிலில் சொன்ன அந்த மூன்றையும் அங்கே தேடலாம்.

அங்கே கிடைத்த முத்திரை ஒன்றுதான் ஊரெல்லாம் பேச வைத்தது. மேல் வரியில் பானைக் குறியீடுகள்; கீழ் வரியில் பிராமி என்ற பழைய வரிவடிவத்தில் மூன்று எழுத்துகள். வலமிருந்து இடமாக 'கோவேத' என்று பலர் வாசிக்கிறார்கள். கோ என்றால் தலைவன், அரசன். எழுத்தமைதியை வைத்துக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். குறியீடும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற பானையோடுகள் இங்கேயும் தமிழ்நாட்டிலும் நிறைய. ஆனால் மேல் வரிக்குக் கீழ் வரி பொருள் சொல்லுகிறதோ என்று நினைக்க வைக்கும் அமைப்பு அபூர்வம்.

கந்தரோடையில வட்டம் வட்டமா நிறையக் கிடக்கே, அது கல்வட்டம்தானே?

இல்லை. தூரத்தில் பார்த்தால் குழம்பத்தான் செய்யும். அவை சுண்ணாம்பு, முருகைக்கல்லால் கட்டிய சின்னத் தூபிகள், பௌத்த சமயத்தைச் சேர்ந்தவை. நடுவில் பதுக்கை கிடையாது. இன்று பார்க்கிற பல தூபிகளின் மேற்பகுதி பின்னர் திருத்திக் கட்டியது. போல் பீரிஸ் 1917-ஐ ஒட்டி அங்கே தோண்டிப் பழைய நாணயங்களையும் பிற பொருட்களையும் எடுத்து எழுதிய பிறகுதான் இடம் வெளியே தெரிந்தது.

ஆனால் கந்தரோடைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கிறது. 1970-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் சோதனைக் குழி வெட்டிப் பார்த்தபோது, ஆழத்தில் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட மக்களின் குடியிருப்பு அடுக்கு தெரிந்தது. தூபி வருவதற்கு முன்னரே அங்கே ஊர் இருந்திருக்கிறது, வழுக்கையாற்றுப் படுகையில், செம்மண்ணில், தண்ணீருக்குக் கிட்ட. இன்றைக்கும் ஒருவர் காணி வாங்கினால் அந்த மூன்றையும்தான் பார்ப்பார்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ: அவை தமிழரோ, சிங்களவரோ?

பானைக்கு மொழி இல்லை. ஒரே மாதிரிப் பானை தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அநுராதபுரத்திலும் கிடைக்கிறது. இன்று சண்டை பிடிக்கிற இரண்டு பேருடைய மூதாதையரும் அந்தப் பானையில் சோறு தின்றிருக்கலாம். மொழி பற்றிப் பேச எழுத்து வேண்டும். ஆனைக்கோட்டை முத்திரையைப் பெரும்பாலானோர் தமிழ்ச் சொல்லாகவே வாசிக்கிறார்கள், நானும் அப்படித்தான் படிப்பித்தேன். கந்தரோடைப் பானை ஓடு ஒன்றில், வட இந்தியப் பழைய மொழியான பிராகிருதத்தில் எழுதியதும் இருக்கிறது. தூபி என்றதும் சிங்களம் என்பவர்களுக்கு ஒரு சொல்: மணிமேகலையை எழுதியவர் தமிழ்ப் பௌத்தர்.

இந்திரபாலாவையே பாருங்கள். 1965-இல் இலண்டனில் செய்த ஆய்வில் தமிழர் குடியேற்றத்தைப் பிற்காலத்துக்குத் தள்ளினார். அதற்குப் பிறகு ஆனைக்கோட்டை. 2005-இல் வெளியிட்ட நூலில் தன் பழைய கருத்தைத் தானே திருத்தினார். மண்ணுக்குள் இருந்து வந்தது ஒரு பேராசிரியரை மாற்றிற்று. எங்கள் தேநீர்க்கடை வாங்கில் இருக்கிறவர்களை அது இன்னும் மாற்றவில்லை.

இலங்கையிலயே கல்லோட பார்க்க வேணுமெண்டா எங்க போறது?

தம்புள்ளைக்குக் கிட்ட இப்பன்கட்டுவ. பலகைக்கல் பதுக்கைகள் கூட்டம் கூட்டமாக, அகழ்ந்து திறந்து, பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 700 முதல் 400 வரை என்று காலம் சொல்கிறார்கள். அங்கே கிடைத்த சூதுபவள மணிகளின் கல் இலங்கையில் இல்லை, கடல் கடந்து வந்தது. கிழக்கில் கதிரவெளியிலும் பதுக்கைகள் உண்டு. கல் வேண்டாம், பானையும் நாணயமும் போதும் என்றால் யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருட் காட்சிச்சாலைக்குச் சைக்கிளிலேயே போகலாம்.

எங்கட வளவில கிணறு வெட்டேக்க கறுப்பும் சிவப்புமா ஓடு வந்தது. உதுவோ அது?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சோறு ஆக்கின பானையின் அடியும் கறுப்பாகத்தான் இருக்கும். அது வெளிப்புறக் கரி, விரலால் தேய்த்தால் ஒட்டும். கறுப்பு-சிவப்புப் பாண்டத்தில் கறுப்பு உள்பக்கம். வாய்விளிம்பைச் சுற்றி ஒரு பட்டியாக வெளியே வந்து, அதற்குக் கீழே சிவப்பாக மாறும். ஓடு பெரும்பாலும் மெல்லியது. முகம் மினுக்கியிருக்கும், கையில் வைத்துத் தடவினால் புளியங்கொட்டை மாதிரி வழுக்கும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் அந்தப் பக்கம் கறுக்கும், காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும் என்பது பொதுவாகச் சொல்கிற விளக்கம்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள்: கழுவ முன்னம், எந்த ஆழத்தில், கிணற்றின் எந்தப் பக்கத்தில் வந்தது என்று எழுதி வையுங்கள். படமும் எடுங்கள், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து. ஒரு வீட்டு அத்திவாரத்தில் இப்படி ஒரு முழுப் பானை வந்து, நான் சைக்கிளில் போய்ச் சேருவதற்கிடையில் அது மண்ணோடு ரிப்பர் லொறியில் ஏறி ஒழுங்கை நிரப்பப் போய்விட்டது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார்.

புதையல் ஏதும் இருக்குமோ?

இரண்டாம் கேள்வியில் சொன்னதுதான் புதையல். இரும்பு துருப்பிடித்து உதிரும், எலும்பு தொட்டால் பொடியும்.

கிடைச்சா ஆரிட்டச் சொல்லுறது? சொன்னா காணியைப் பறிச்சுப்போடுவாங்களோ?

கிராம அலுவலர், பிரதேச செயலகம், பொலிஸ், தொல்பொருள் திணைக்களம், எவரிடமும் சொல்லலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் படிப்பிக்கிறார்கள், அவர்களிடமும் போய்க் கேளுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள். புதிதாக நிலத்துக்குள் இருந்து வருகிற தொல்பொருள் அரசுக்கு உரியது, எடுத்தவருக்கு அல்ல.

காணி வேறு விசயம். ஓடு வந்ததற்காக மட்டும் காணி தானாகக் கைமாறாது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பிரகடனம் செய்தால், கட்டுவதற்கும் மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். சித்தன்னவாசல் வேலியும் அப்படி ஒரு சட்டத்தால் வந்ததுதான். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீற்றருக்குள் புதுக் கட்டடம் தடை, அதற்கு அப்பால் 200 மீற்றர் அனுமதியோடு. வடக்கில் தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டதும் வருகிற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்து மூடிய குழியிலிருந்து எங்கள் பக்கத்துக்குச் சாட்சி சொல்லவும் ஒன்றும் வராது.

சேர், நான் அங்கயிருந்து ஒரு சின்ன ஓட்டுத் துண்டு நினைவுக்குக் கொண்டு வந்தனான். பிழையோ?

பிழை, அன்ரி. பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டு போவதும் குற்றம். இதைச் சொன்னதும் அவர் பயந்து, லேஞ்சியில் சுற்றியபடியே என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

கட்டைவிரல் நகமளவு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, ஒரு பக்கம் இன்னும் மினுங்குகிறது. எந்த வட்டத்துக்குக் கிட்ட எடுத்தீர்கள், உள்ளேயா வெளியேயா என்று பிறகு இரண்டு தரம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "வான் நிண்ட இடத்துக்குக் கிட்ட" என்றார். அதையே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, திகதியும் போட்டு, ஓட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.